ஏழு மணிப் படுக்கை

வெளியே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் ஓயும் முன்பே கிளட்ச் அம்மாவைப் படுக்க வைத்துவிடுவார்கள். மணி ஏழு. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். "கண்ண மூடுங்கம்மா, தூக்கம் தானா வரும்" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போவாள் பகல் வேலைப் பெண். தூக்கம் என்ன வளர்த்த நாயா, கூப்பிட்டதும் வாலாட்டிக்கொண்டு வர?

முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள் அவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவள் போட்ட கூச்சலில் சொந்தப் பெயரே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தாள். மகளுக்கு வேறு ஊரில், மருந்துக் கம்பெனியில் இரவு வேலை. "உன்ன தனியா விட்டுட்டு எனக்கு நிம்மதி இல்லம்மா" என்று மகள் அழுதாள், இவளும் சரி என்றாள். வந்ததில் வருத்தமே இல்லை. வருத்தமெல்லாம் போன் விஷயத்தில்தான். மகள் பகலெல்லாம் தூங்குகிறவள், எழுப்ப மனசு வராது. அவளுக்குப் பேச ஓய்வு கிடைப்பது இரவு எட்டரைக்கு. இங்கேயோ ஏழு மணிக்கே எல்லோருடைய போனும் ஆபீஸ் அலமாரிக்குள் போய்விடும். மகள் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அதை நினைத்தால் அவளுக்குக் கோபம் வரும்.

ஒரு நாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் அறைக்கே போய்விட்டாள்.

"தம்பி, ஏழு மணிக்குப் படுக்கணும்னு யார் முடிவு பண்ணது?"

"ராத்திரிக்கு ரெண்டே பேர்தாம்மா வேலைக்கு. பகல் ஆளுங்க கிளம்பறதுக்குள்ள எல்லாரையும் படுக்க வச்சாகணும். வாராந்தர மீட்டிங்ல எடுத்த முடிவு."

"அந்த மீட்டிங்குக்கு நானும் வரேன்."

"பராமரிப்புப் பயிற்சி முடிச்சவங்க மட்டும்தாம்மா அதுல உட்காரலாம். அது விதி."

"சரி. அப்ப நான் பயிற்சி முடிக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். "எழுபத்திரண்டு வயசுலயா?"

"என்கிட்ட வண்டி கத்துக்க அறுபத்தெட்டு வயசுல ஒருத்தர் வந்தார். வயசப் பாத்து நான் கதவச் சாத்தல."

விதியில் வயது வரம்பு எதுவும் எழுதியிருக்கவில்லை. மேனேஜர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

பயிற்சி வகுப்பு இல்லத்தின் மாடியிலேயே நடந்தது. லிப்டில் ஏறி, இருபது வயதுப் பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். படுத்தே கிடப்பவரை எப்படிப் புரட்டிப் போடுவது, புண் வரப்போகும் தோல் எப்படியிருக்கும், நாடி பிடிப்பது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கற்றாள். நாடி மட்டும் லேசில் பிடிபடவில்லை. தன் மணிக்கட்டிலேயே தேடித் தேடி, "எனக்கு இருக்கா இல்லையான்னே தெரியலடி" என்றாள். இப்போது பெண்கள் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள்.

செய்முறைத் தேர்வில் வந்தது வினை. அதே இல்லத்தில் இருக்கும் வெல்டர் ஐயாவுக்குச் சாப்பாடு ஊட்ட வேண்டும். அவருக்குக் கை நடுக்கம். கிளட்ச் அம்மா கரண்டியை எடுத்தாள். "வாயத் திறங்க. ம், முழுங்குங்க. அடுத்தது. சீக்கிரம், சீக்கிரம்." மூன்றாவது வாய்க்கு அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். அப்புறம் அந்த வாய் திறக்கவே இல்லை.

சொல்லிக்கொடுக்கும் நர்ஸ் பெயில் போட்டுவிட்டாள். "வேணுமா, சூடா இருக்கான்னு அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாம்மா?"

கிளட்ச் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அன்றைக்கும் ஏழு மணிக்கே படுக்க வைத்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது தனக்கே பொருந்திவிட்டதில் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளை யாரும் கேட்பதில்லை என்றுதானே இத்தனை ஆட்டமும்? கரண்டி கைக்கு வந்ததும் அவளும் கேட்கவில்லை.

மறுநாள் வெல்டர் ஐயா முன்னால் போய் நின்றாள். "அண்ணே, நேத்து நான் பண்ணது தப்பு. எப்படி ஊட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

"ஊட்டவே வேணாம். கரண்டிய என் கையில குடும்மா. கை நடுங்கும், நடுங்கட்டும். நீ அடியில தாங்கிக்க, போதும்."

பாதி சட்டையில் சிந்தியது. மீதியை அவர் தன் கையாலேயே சாப்பிட்டார். மறுதேர்வில் சிந்தியதற்கு மதிப்பெண் குறைத்துக்கொண்டு, நர்ஸ் பாஸ் போட்டாள்.

அடுத்த மீட்டிங்கில் கிளட்ச் அம்மா எல்லோருக்கும் முன்னால் போய் நாற்காலியைப் பிடித்தாள். மேனேஜரும் லேசுப்பட்டவர் அல்ல, தயாராகத்தான் வந்திருந்தார்.

"அம்மா, உங்களுக்கு மட்டும் ஒன்பது மணி. போனும் நீங்களே வச்சுக்கோங்க. சந்தோஷம்தானே?"

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்றைக்கே மகளோடு பேசலாம். வாக்கரின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது நீங்க போடற பிச்சை தம்பி. நாளைக்கே திருப்பி எடுத்துக்குவீங்க. யாரப் பத்திப் பேசறீங்களோ அவங்க இந்த ரூம்ல இருக்கணும். எப்பப் படுக்கணும்னு அவங்களக் கேக்கணும்."

"ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா வேலை நடக்குமாம்மா?"

"முப்பது வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்தவ நான். என் காலடியில ஒரு பிரேக் இருந்துச்சு, ஆபத்துன்னா மிதிப்பேன். அதுக்காக ஸ்டியரிங்கப் பிடுங்கினதில்ல. நீங்க ஸ்டியரிங்கயே பிடுங்கி வச்சிருக்கீங்க."

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வெளியே அவள் சொல்லி வைத்திருந்தபடி வெல்டர் ஐயா காத்திருந்தார். "உள்ள வாங்கண்ணே."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "சொல்லுங்கய்யா, உங்களுக்கு எத்தன மணிக்குப் படுக்கணும்?"

"ஏழு மணிக்கு" என்றார் வெல்டர் ஐயா. "எனக்கு அதுதான் பிடிக்கும்."

மேனேஜர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் வெல்டர் ஐயா இன்னும் முடிக்கவில்லை.

"நான் இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு தம்பி. இன்னிக்குத்தான் என்ன ஒருத்தர் கேக்கறீங்க. மத்தவங்களையும் கேட்டுப் பாருங்க."

மேனேஜரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நர்ஸ் எழுந்தாள். "நானே போய்க் கேக்கறேன் சார்." அன்றைக்கே கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டாள். பாதிப்பேருக்கு மேல் ஏழு மணியே போதும் என்றார்கள். மீதிப்பேரைக் கவனிக்க ராத்திரி ஆள் இருவரே தாராளம். இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். படுக்கும் வரை போனும் அவரவர் கையிலேயே இருக்கட்டும் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார்.

அன்று ஏழு மணிக்கு வெல்டர் ஐயா தன் விளக்கைத் தானே அணைத்துவிட்டுப் படுத்தார். கிளட்ச் அம்மா கூடத்தில், மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டரை ஆனதும் மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மா! இன்னும் தூங்கலையா? பர்மிஷன் குடுத்துட்டாங்களா?"

"பர்மிஷன் என்னடி பர்மிஷன்? கேட்டாங்க. சொன்னேன்."