பக்கத்து மனையின் நாலாவது கல்

துவைக்கிற கல்லின்மேல் பாம்புச் சட்டை கிடந்த காலையில்தான் அந்த யோசனை வந்தது. அம்மா அதைக் குச்சியால் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, "பச்சப் பிள்ளைய இங்க எப்படிட்டி கொண்டாறது?" என்றாள். அக்காவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தை பிறந்து மூன்று வாரம். மடவார் வளாகத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். ராஜபாளையத்துக்கு அழைத்துவரத் தொட்டில்கூடக் கட்டியாயிற்று. பக்கத்துக் காலி மனைதான் தடை. ஓரமெல்லாம் இடுப்பளவு பார்த்தீனியம், நடுவில் சீமைக்கருவேலம்.

அடுத்தவர் இடத்தில் நாம் எப்படிக் கை வைப்பது என்பதுதான் இத்தனை வருடமும் எங்கள் வீட்டுப் பேச்சு. கை வைக்கவே வேண்டாமே, விதி இருக்குமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது. மதியத்துக்குள் போனில் தேடிப் படித்துவிட்டேன். புதர் மண்டிய மனையைச் சுத்தம் செய்யச் சொல்லி உரிமையாளருக்கு நகராட்சி நோட்டீஸ் கொடுக்கலாம். அவர் செய்யாவிட்டால் நகராட்சியே வெட்டிவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். மறுநாளே மனுவோடு போய் நின்றேன். வாங்கிப் படித்த சுகாதார ஆய்வாளர் ஒன்றுதான் கேட்டார்: உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார்? எனக்குத் தெரியவில்லை.

தெருமுனை மளிகைக்கடை பாய்க்குத் தெரிந்திருந்தது. "அவிய பட்டாளத்துல இருக்காவ. லீவுக்கு வந்தா நம்ம கடைக்கு வராமப் போக மாட்டாவ" என்று சொல்லி நம்பரும் தந்தார்.

கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் விதியை வாசித்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

"ஏம்மா, அந்த முள்ளுதான் எனக்குக் காவல். வருசத்துக்கு ஒருக்கா வாரேன். முள்ளு நிக்கிற மட்டும் ஒரு பய எல்லைக் கல்லத் தொட மாட்டான். நோட்டீசா? அனுப்பு, பார்டருக்கே அனுப்பு." போனை வைத்துவிட்டார்.

பிறகுதான் கவனித்தேன். எங்கள் பகுதியில் பட்டாளத்துக்காரர், போலீஸ்காரர் வாங்கிப் போட்ட மனை எல்லாமே இப்படி முள்ளோடுதான் கிடக்கிறது. நான் சோம்பல் என்று நினைத்தது அவர்களுக்கு வேலி.

மறுநாள் மறுபடி கூப்பிட்டு, விதியை விட்டுவிட்டுக் குழந்தையைச் சொன்னேன். ஆணா பெண்ணா என்று கேட்டார். பெண் என்றேன். நாலு கல்லையும் கண்டுபிடித்து வெள்ளையடித்து வீடியோ அனுப்பினால், ஜேசிபி விட்டு வேரோடு எடுக்கச் சம்மதம் என்றார்.

பேண்ட் போட்டு, அரிவாளோடு இறங்கினேன். முன்பக்கம் இரண்டும் சுலபமாகக் கிடைத்தன. பின்பக்கம் ஒன்றைத் தேடியதில் முழங்கை வரை கீறல். நாலாவது மட்டும் அகப்படவே இல்லை. முன்பக்க இரண்டு கல்லுக்கும் இடையே உள்ள அகலத்தைப் பின்பக்கக் கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்தேன். சந்தேகப்பட்டு மறுபடியும் அளந்தேன். அளவு எங்கள் மதிலைத் தாண்டி இரண்டடி உள்ளே வந்து, துவைக்கிற கல்லடியில் நின்றது.

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், அந்தக் காலத்தில் கொத்தனார் கயிறு பிடித்த இடத்தில் கட்டியது என்றார். அம்மாதான் வழி சொன்னாள்: "மதிலுக்கு வெளிய ஒரு கல்ல நட்டு, வெள்ளையடிச்சு அனுப்பிருட்டி. அவிய அங்க இருந்து பாக்கவா போறாவ?"

நிஜமாகவே யோசித்தேன். ஒரு கல்லைத் தேர்ந்துகூட வைத்தேன். இரண்டே நாளில் ஜேசிபி வந்துவிடும், அக்காவும் வந்துவிடுவாள். ஆனால் அந்த மனிதர் முள்ளை விட்டு வைத்திருப்பதே எங்களை மாதிரி ஆட்களுக்குப் பயந்துதானே.

நாளைக் காலை துவைக்கிற கல்லைப் புரட்டிவிட்டுத் தோண்டப்போகிறேன். எல்லைக் கல் அங்கே இருந்தால், இருக்கிற இடத்திலேயே வெள்ளையடித்து, அவரை வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டுவேன். மதிலை இடி என்பாரா, மனையை அப்படியே விடு என்பாரா, தெரியாது. இதை வீட்டில் சொன்னபோது அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா பேப்பரை மடித்தார்.

"தோண்டுறதுன்னா பாத்துத் தோண்டு. தண்ணிக் குழாய் அந்தப் பக்கமாத்தான் போகுது."

பாய் கடையில் கடப்பாரை கேட்டு வைத்திருக்கிறேன்.