எதில் மூன்று மடங்கு?

என் அண்ணிக்கு அவர் அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் 'எதுல அக்கா'. யாராவது "இது சூப்பரா ஓடுது" என்று வாயைத் திறந்தால் போதும், "எதுல?" என்று கேட்டுவிடுவார். கம்ப்யூட்டர் சிப்புகளைச் சோதித்துப் பார்க்கும் என்ஜினியர் அவர். நக அளவுச் சிப்பைப் பலகையில் பொருத்தி, விதவிதமான வேலைகளைக் கொடுத்து, எத்தனை வேகம், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு சூடு என்று அளப்பார். நான் பல் மருத்துவன். "இன்னைக்கு நல்ல கூட்டம் அண்ணி" என்று சொன்னால் எனக்கும் அதே கேள்விதான்: "எதுல தம்பி? பிடுங்கவா, சும்மா காட்டவா?"

அண்ணன் வேலை பார்ப்பது சிப்பு செய்யும் பெரிய நிறுவனமொன்றில். அண்ணியும் முன்பு அங்கேதான் இருந்தார். பிறகு ஓர் அச்சகத்தின் மாடியில் புதிதாகத் தொடங்கிய குட்டிக் கம்பெனிக்கு மாறினார். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அண்ணி அசரவில்லை. "அங்க அளக்கறதுக்கு ஒரு பட்டாளமே இருக்கு. இங்க நான்தான் எல்லாம்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: ஆபீஸ் பேச்சு செருப்போடு வாசலில் நின்றுவிட வேண்டும்.

சட்டத்துக்குச் சோதனை வந்தது குட்டிக் கம்பெனி முதலாளியால். கெட்டிக்காரர், நல்லவர். ஆனால் கையில் மைக் கிடைத்தால் ஆளே மாறிவிடுவார். புதுச் சிப்பை அறிமுகப்படுத்தும் மேடையில், "பெரியவங்க சிப்பைவிட எங்களது மூணு மடங்கு வேகம்! அவங்க கடையைச் சாத்திட்டுப் போகலாம்!" என்று முழங்கிவிட்டார். மறுநாள் பத்திரிகையெல்லாம் அதுதான்.

காலையில் அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார்.

"மூணு மடங்காமே?"

"வாசல்ல விடுங்க" என்றார் அண்ணி.

"சரி சரி. டீயாவது மூணு மடங்கு வேகமா வருமா?"

அண்ணி சிரித்தார். ஆனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

அன்றே அவர் முதலாளியிடம் போனார். "சார், மங்கலான படத்தைத் தெளிவாக்கறதுல மட்டும்தான் மூணு மடங்கு. மத்த வேலையில சமம், சிலதுல அவங்க முந்தறாங்க."

"மேடையில அவ்வளவு நீளமா சொல்ல முடியுமாம்மா?"

"'படத்துல'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சார் கூட."

முதலாளி பதில் சொல்வதற்குள் பெரிய நிறுவனம் முந்திக்கொண்டது. கண்காட்சி அரங்கில் எல்லோர் முன்னாலும் இரண்டு சிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம், வருகிறீர்களா என்று சவால் விட்டது. முதலாளி சவால் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் ஒரே இஸ்திரிப் பெட்டிக்குப் போட்டி போட்டார்கள்.

"நாளைக்கு எங்க கிளம்பற?"

"கண்காட்சிக்கு. நீங்க?"

"நானும்தான். எங்க மிஷினை ஓட்டப் போறதே நான்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கிளினிக்கைச் சாத்திவிட்டு நானும் போனேன். யார் பக்கம் உட்காருவது? நடு வரிசையில் உட்கார்ந்தேன். முதலில் பெரிய கணக்கு வேலை. அண்ணனுடைய மிஷின் ஊதித் தள்ளியது. அடுத்து எழுதி வைத்த மென்பொருளை ஓடும் நிலைக்கு மாற்றும் வேலை. இரண்டும் ஒன்றாகவே முடித்தன. முதலாளி கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். கடைசியில் படங்கள். மங்கலாக இருந்த படமெல்லாம் அண்ணியின் திரையில் பளிச்சென்று தெளிந்து முடிந்தபோது, அண்ணனின் திரையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகியிருந்தது. அரங்கமே கைதட்டியது.

முதலாளி உற்சாகமாக மைக்கை நோக்கிப் பாய்ந்தார். அண்ணி முந்திக்கொண்டார்.

"ஒண்ணுல தோத்தோம், ஒண்ணுல சமம். படத்துல மட்டும் மூணு மடங்கு. முன்னாடி எல்லாத்துலயும்னு சொன்னது தப்பு."

அண்ணிக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளி கைக்குட்டையைப் பையில் வைத்தார். பிறகு மெதுவாக மைக்கை வாங்கினார். "அக்கா சொன்னதுதான் சரி. நான்தான் வாயை விட்டுட்டேன்."

நிருபர் ஒருவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"படத்துல அவங்கதான் ஜெயிச்சாங்க. மறுத்துட்டு நான் வீட்டுக்குப் போக முடியாதுங்க. அவங்க என் வீட்டுக்காரம்மா."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது.

கூட்டம் கலையும்போது ஓர் அம்மா அண்ணியைத் தேடி வந்தார். மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் மிஷின் செய்பவர். "எல்லாத்துலயும் மூணு மடங்குன்னு படிச்சப்போ நம்பலை. தோத்ததையும் சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் நம்பினேன். எங்களுக்குப் படம் தெளிவானா போதும்."

பெரிய நிறுவனம் கடையைச் சாத்தவில்லை. குட்டிக் கம்பெனியும் சாத்தவில்லை. அவர்களுடைய சிப்பு வைத்த முதல் ஸ்கேன் மிஷின் ஒரு மருத்துவமனையில் வந்து இறங்கியதும், முதலாளி எல்லோரையும் அழைத்துப் போய்க் காட்டினார். திரையில் ஓர் எலும்பு, நூல் மாதிரி ஒரு விரிசலோடு துல்லியமாகத் தெரிந்ததாம். அண்ணி அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"யாரோட முட்டியோ தெரியலை தம்பி. பாவம், வலிச்சிருக்கும். ஆனா என்ன அழகா தெரியுது தெரியுமா!"