உணவு மந்திரி வீட்டுச் சாப்பாடு

நல்லகாமனுக்கு எதிரில் ஓர் ஆள் இருந்தால் போதும், விவாதம் வந்துவிடும். பொழுது விடிந்துவிட்டது என்று நீங்கள் சொன்னால், எந்த ஊரில் என்று கேட்பார். கோச்சடைக்கு மேற்கே பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மாமனாராக வரவேண்டியவர் தோட்டத்துக் கிணற்றைத் தப்பான மூலையில் வெட்டியிருக்கிறார் என்று இருட்டும்வரை வாதாடினார். கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதை அவர் ஒரு வாதமாக ஏற்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சோலையம்மாள் சிரித்துவிட்டாள். அதைச் சம்மதம் என்று பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

செல்லூரில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் எடை போடுவது அவருடைய வேலை. தராசுக்கு முன்னால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். முள் நிற்பதற்குள் பேசுவது ஒழுங்கில்லை என்பார். மிச்ச நேரத்துக்கு வாசகசாலை இருந்தது. சென்னைச் சட்டசபையில் யார் யாரை எப்படி மடக்கினார்கள் என்பதைப் பத்திரிகையில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பார். அங்கே போட்ட வரி என்ன, குறைத்த வரி என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்ல வராது. மடக்கியது மட்டும் மனப்பாடம்.

வாசகசாலையின் ஆண்டு விழாவில் மாதிரிச் சட்டசபை ஒன்று நடத்துவார்கள். செம்பில் சீட்டுப் போட்டு எடுப்பது வழக்கம். சர்க்கார் சீட்டு வந்தவன் சர்க்காரைத் தாங்கிப் பேசவேண்டும். எதிர்க்கட்சிச் சீட்டு வந்தவன் எதிர்த்துப் பேசவேண்டும். அவனவன் சொந்த அபிப்பிராயத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடவேண்டும். கடைசியில் சபை கை தூக்கும். ஜெயித்த பக்கத்துத் தலைவருக்குச் சபாநாயகர் சரிகைத் துண்டு போர்த்துவார். நல்லகாமன் வருஷம் தவறாமல் பேசினார், வருஷம் தவறாமல் தோற்றார். அந்தத் துண்டு ஒவ்வொரு வருஷமும் வேறொருவர் தோளில் ஏறி அவரைக் கடந்துபோயிற்று.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அவருக்குச் சர்க்கார் பக்கத்துத் தலைமையோடு உணவு மந்திரி சீட்டு வந்தது.

அந்த வருஷத்துத் தீர்மானம், விலைவாசிக்குத் தக்கபடி உழைப்பாளிகளுக்குப் பஞ்சப்படி கொடுக்கவேண்டும் என்பது. யுத்தம் முடிந்துவிட்டது, ரேஷன் முடியவில்லை. அரிசி அளவைக் குறைத்து அந்த இடத்தில் கோதுமையைப் போட்டார்கள். கோதுமையை வைத்து என்ன செய்வது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. கோழிக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. விலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரவை ஆலையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பஞ்சப்படி கேட்டு முதலாளியிடம் ஒரு மனு கொடுத்திருந்தார்கள். முதலாளி சோணை "பாப்போம்" என்று சொல்லியிருந்தார். அந்தச் சோணையே வாசகசாலைக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கிக் கொடுத்தவர். அதனால் சபாநாயகரும் அவரே.

எதிர்க்கட்சித் தலைவர் லட்சுமிநாராயணன். ஆலையில் கணக்கு எழுதுபவர். மனுவை எழுதியவரும் அவர்தான். சபை கூடுவதற்கு முன் நல்லகாமனைத் தனியாக ஓரங்கட்டினார்.

"அண்ணே, ஒப்புக்கு நாலு வார்த்தை பேசிட்டு ஒக்காந்துருங்க. மொதலாளி காதுல இன்னைக்கு நம்ம பக்கத்து நாயம் நல்லா விழுகணும்."

"எனக்குத் தெரியாதா மாப்ள? மனுவுல என் வயிறுந்தானே கெடக்கு."

"துண்டைப் பாத்துராதீங்க."

"துண்டு கெடக்குது, விடு."

நிஜமாகவே தோற்றுப்போகும் எண்ணத்தோடுதான் எழுந்தார். குரலைத் தாழ்த்தி, தரையைப் பார்த்து, சர்க்கார் ஆவன செய்யும் என்று ஆரம்பித்தார். தோற்பது சுலபமாகவே இருந்தது. அப்போது லட்சுமிநாராயணன், தன் பக்கத்தைப் பலப்படுத்துவதாக நினைத்து, ஒரு குறுக்குக் கேள்வி போட்டார்.

"மந்திரியார் வீட்டு அடுப்பில் எதை வேக வைக்கிறார்கள்? மந்திரியாரின் பேச்சையா?"

சபை சிரித்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. அதில் சோலையம்மாளின் சிரிப்பு அவருக்குத் தனியாகக் கேட்டது. அப்புறம் அவர் கையில் அவர் இல்லை.

"கேட்டுக்கொள்ளுங்கள்!" என்றார். "என் வீட்டில் நாலு பிள்ளைகள். நான் வாங்குகிற சம்பளம் எதிர்க்கட்சித் தலைவருக்குத் தெரியும், அவர்தான் எண்ணிக் கொடுக்கிறார். ரேஷன் அரிசி, ரேஷன் கோதுமை, வைகைக் கரையில் கேட்பாரில்லாமல் வளர்கிற கீரை. இந்த மூன்றையும் வைத்து என் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது. புளியைக் கரைக்க வேண்டியதில்லை, காட்டினால் போதும், ரசம் ஆகிவிடும். எண்ணெய் என்பது பழக்கதோஷம். என் சம்சாரம் இன்றுவரை 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. விலை ஏறியது உண்மை. ஆனால் ஏறியது விலையா, நம் நாக்கா? சந்தேகமிருந்தால் சபாநாயகர் அவர்களே என் வீட்டுக்கு வந்து, ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தீர்மானம் தோற்றது. அதை எதிர்த்துக் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். பேச்சு அப்படி. லட்சுமிநாராயணனின் கைகூடப் பாதி தூரம் ஏறி இறங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சோணை சரிகைத் துண்டைப் போர்த்தினார். "வர்ற ஞாயித்துக்கெழமை மத்தியானம் வாரேன், நல்லகாமா. மந்திரி வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாத்துட்டு மனுவுக்குப் பதில் சொல்லிர்றேன். அதான் முறை."

துண்டு தோளில் இருக்க, நல்லகாமனுக்கு அப்போதுதான் மனுவின் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குள் வந்ததும் சோலையம்மாள் மூலையிலிருந்த கூடையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மேலே கத்தரிக்காய். அதை ஒதுக்கினாள். கீழே ஒரு சீலைத்துணி மூட்டை. அவிழ்த்தாள். கைக்குத்தல் அரிசி, வெள்ளைவெளேர் என்று.

"இது ஏது?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எங்கம்மா வீட்டுக்குப் போறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"அம்மாவைப் பாக்க."

"எங்கம்மாவை அம்புட்டுத் தடவை பாக்க என்ன இருக்கு? அரிசி, பருப்பு, நல்லெண்ணெய் எல்லாம் இப்படித்தான் வருது. உங்க ரேஷன் அரிசி கோழிக்கு. அதுவும் பாதிதான் திங்குது."

கிராமத்திலிருந்து பெர்மிட் இல்லாமல் அரிசியைப் பட்டணத்துக்குள் கொண்டுவருவது குற்றமாக இருந்த காலம். உணவு மந்திரி உட்கார்ந்துவிட்டார்.

"சாவடியில போலீஸ்காரன் கூடையைக் கெளறிக் கேட்டா என்ன சொல்லுவே?"

"இனிமே என்ன, உணவு மந்திரி சம்சாரம்னு சொல்லுவேன்."

அந்த வாரம் ஆலையில் அவரோடு யாரும் பேசவில்லை. பேசாதவர்களோடு விவாதம் பண்ண முடியாது என்பது அவருக்குப் புதிய அனுபவம். சரிகைத் துண்டை முதல்நாள் போட்டுக்கொண்டு போனார், மத்தியானமே மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் லட்சுமிநாராயணன் தராசடிக்கு வந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழமை மட்டும் அண்ணியைக் கொஞ்சம் சுமாராச் சமைக்கச் சொல்லுங்க. நல்லாச் சமைச்சிட்டா நம்ம மனு போச்சு."

"வந்த ஆளுக்கு மோசமா ஆக்கிப் போடுறதா? எங்க வீட்டுல அது வழக்கமில்லை."

"அப்ப நல்லா ஆக்கிப் போடப்போறீங்களா?"

"நல்லா ஆக்கிப் போட்டா எல்லாரும் என்னைக் கொன்னுருவாங்க. சுமாரா ஆக்கிப் போட்டா நான் சபையில பொய் சொன்னேன்னு ஆயிரும்."

"நீங்க சொன்னது பொய்தானேண்ணே?"

நல்லகாமன் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் அவர் கேட்கும்போதெல்லாம் சோலையம்மாள் ஒரே பதிலைச் சொன்னாள். "என்ன ஆக்கப்போறே?" "மந்திரி சொன்னதைத்தான்." வெள்ளிக்கிழமை அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள், பிறகு அப்பாவைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குதிரைவண்டியில் சோணை வந்து இறங்கினார். பெரிய உடம்பு, நல்ல பசி. வாசலில் நின்று மூக்கை ஒருமுறை உள்ளே இழுத்தார். முதலாளி வீடு தேடி வருகிறார் என்றால் கோழி அடிப்பார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். முற்றத்தில் கோழி உயிரோடு நடந்துகொண்டிருந்தது. முதலாளி அதைச் சற்று நேரம் பார்த்தார்.

வாழை இலை பெரிதாகத்தான் இருந்தது. அதில் சோலையம்மாள் குப்பைக்கீரை வைத்தாள். எண்ணெய் காணாத கீரை. ஒரு கிண்ணத்தில் கோதுமைக் கஞ்சி. ரேஷன் அரிசிச் சோறு, ஒரு அகப்பை. அது இலையில் விழும்போதே ஈரச் சாக்கின் வாடை எழுந்தது. மேலே ரசம். புளியைக் காட்டிய ரசம். வெந்நீருக்குப் புளி அறிமுகம் மட்டும் ஆகியிருந்தது.

சோணை மரியாதை தெரிந்த மனிதர். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கஞ்சியில் ஒரு கணம் நின்று, கண்ணை மூடி, தாண்டிவிட்டார். சோறு தீர்ந்துவந்தது. கடைசிக் கவளத்தோடு, பழக்கத்தில், இரண்டு கைகளையும் இலைக்கு மேலே குடைமாதிரி பிடித்தார்.

"போதும் ஆத்தா, போதும் போதும்."

எங்கள் பக்கத்தில் விருந்தாளி இப்படிச் சொல்வதற்கு அர்த்தம் எதுவுமில்லை. கையைத் தாண்டிச் சோற்றைத் தள்ளுவதுதான் போடுகிறவளின் வேலை. தள்ளுவாள், அவர் கத்துவார், இன்னொரு அகப்பை விழும், அவர் முறைப்பார், பிறகு அதையும் சாப்பிடுவார். அப்படி நடக்காத வீட்டை ஊர் ஆயுசுக்கும் நினைவு வைத்துப் பேசும்.

யாரும் வரவில்லை.

சோணை கைகளை இலைக்கு மேலேயே வைத்திருந்தார். சோலையம்மாள் கதவை ஒட்டி நின்றிருந்தாள், அகப்பை கையில் இல்லை. ஒரு ஈ வந்து இலையைப் பார்த்துவிட்டுப் போயிற்று. நல்லகாமனால் தாங்க முடியவில்லை. எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். பானைக்குள் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே," என்றாள் சோலையம்மாள். முகம் சிவந்திருந்தது. "எங்க வீட்டுக்கு வந்த ஆளுக்கிட்ட இன்னொரு வாய்னு கேக்காம நான் நின்னது இன்னைக்குத்தான் மொதத் தடவை. மந்திரி கணக்குல ரெண்டாந்தடவைக்கு எடமில்லை."

சோணை மெல்லக் கைகளை எடுத்தார்.

"பிள்ளைகளை எங்கே காணோம்?"

"பக்கத்து வீட்டுல கொழம்பு கொதிக்குது. வாசம் பிடிச்சுக்கிட்டுப் போயிருச்சுக."

சோணை நல்லகாமன் பக்கம் திரும்பினார். "மந்திரியார் என்ன சொல்றாரு?"

நல்லகாமன் வாயைத் திறந்தார். பேச்சுக்கு இரண்டு பக்கம் உண்டு என்று நம்பி வாழ்ந்த மனிதர். அன்றைக்கு ஒரு பக்கமும் கைக்கு அகப்படவில்லை. கடைசியில், பத்திரிகையில் மந்திரிமார் வழக்கமாகச் சொல்வது ஒன்று ஞாபகம் வந்தது.

"கேள்விக்கு முன்னறிவிப்பு வேணும்," என்றார்.

சோணை சிரிக்க ஆரம்பித்தார். அரைவயிற்றோடு சிரித்ததில் புரையேறியது. சோலையம்மாள் தண்ணீர் கொடுத்தாள். அதை மட்டும் இரண்டாவது தடவையும் வேண்டுமா என்று கேட்டாள்.

"சரி," என்றார் சோணை, கை கழுவிக்கொண்டே. "சபாநாயகர் தீர்ப்பைச் சொல்றேன். உணவு மந்திரி பேசின பேச்சு பூராவும் சபைக் குறிப்புலேருந்து நீக்கப்படுது. பஞ்சப்படி அடுத்த மாசத்துலேருந்து. கேட்டது அம்புட்டும் முடியாது, முக்காவாசி தாரேன். ஆத்தா, ஒனக்காக இல்லை. இந்தக் கஞ்சியை இன்னொரு தடவை யாரும் எனக்கு ஊத்திறக் கூடாதேன்னு."

தெருமுனையில் லட்சுமிநாராயணனும் ஆலை ஆட்களும் நின்றிருந்தார்கள். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் காலையிலிருந்து அங்கேயே நின்றார்கள். முதலாளி வெளியே வந்து குதிரைவண்டியில் ஏறுவதைப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னாலேயே நல்லகாமன் ஓடிவருவதையும், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டி வாதாடுவதையும் பார்த்தார்கள்.

"கெடுத்தாரு!" என்று ஓடினார் லட்சுமிநாராயணன்.

"அதெப்படி மொதலாளி நீக்க முடியும்?" என்று நல்லகாமன் கேட்டுக்கொண்டிருந்தார். "சபை ஏத்துக்கிட்ட பேச்சு. ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தையை நீக்கலாம். முழுப் பேச்சையும் நீக்கணும்னா சபை கூடணும். சபை கூடாம, சாப்பிட்ட எடத்துல வச்சு..."

"அண்ணே, படி குடுத்துட்டாரா இல்லையா?"

"குடுத்துட்டாரு. அது வேற விசயம் மாப்ள."

லட்சுமிநாராயணன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகச் சக்கரத்திலிருந்து பிரித்தார். வண்டி போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை சோலையம்மாள் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். பஞ்சப்படி வந்தாலும் ரேஷன் அரிசி அதே அரிசிதான். வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது மூடுவதற்கு ஒரு துணி தேடினாள். கொடியில் சரிகைத் துண்டு தொங்கியது. அதை எடுத்து மடித்துக் கூடைக்குள் போட்டாள்.

"ஏத்தா, அது சபையில ஜெயிச்ச துண்டு!"

"பேச்சைத்தான் நீக்கியாச்சே. வெறுந் துண்டை வச்சு என்ன செய்ய? சரிகையைப் பாத்தா சாவடிக்காரன் கையை வைக்கக் கொஞ்சம் யோசிப்பான்."

அவள் படியிறங்கிப் போனாள். பேச்சை நீக்கினால் துண்டும் போய்விடுமா என்பதற்குப் பிரமாதமான ஒரு பதில் நல்லகாமனுக்குத் தோன்றியது. வாசலுக்கு வந்து பார்த்தார். அதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். எதிரில் கோழிதான் நின்றுகொண்டிருந்தது.