மரகதம் அக்காவின் கழுத்துத் தழும்பு

செய்தி வந்தபோது நான் தலைக்கு டை பூசி, பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மரகதம் அக்கா காலையில் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பாம் என்று போனில் சொன்னார்கள். உறையோடு அப்படியே ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் வேர்வையில் கருப்பு நெற்றியெல்லாம் வழிந்துவிட்டது. அக்கா பார்த்திருந்தால், "என்னைப் பார்க்க வந்தியா, வயசை மறைக்க வந்தியா" என்று கேட்டிருப்பார்.

நம் மகளிர் குழுவில் அக்காவைத் தெரியாதவர் இல்லை. ஸ்ரீரங்கத்தில் அவர் இட்லி மாவு விற்ற கடைக்குப் பக்கத்துக் கடையில்தான் நான் ஜாக்கெட் தைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதெல்லாம் எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் அன்று உடலை எடுக்கும் முன்பே அக்காவின் நாத்தனார், "அன்னைக்குக் கழுத்தை அறுத்ததுதான் இன்னைக்கு ஆளையே கொண்டுபோயிடுச்சு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கழுத்து ஆபரேஷனுக்கு முன்னால் அக்கா எப்படி இருந்தார் என்பதை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள். ஓயாத தாகம், அசதி. சிறுநீரகத்தில் கல் வந்து துடித்தார். ஒருநாள் ஈரச் சேலையைப் பிழிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. வயசு என்றார்கள் வீட்டில். நாத்தனார், நடிப்பு என்றார். நானும் என் பங்குக்கு, கண்ணாடி வளையல் உங்களைவிடக் கெட்டி என்று கிண்டல் செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. "வலி எனக்குத்தானே தெரியும். தெரியாதவங்க வாயை மூடட்டும்" என்றார்.

சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறித் திருச்சி டவுனுக்குப் போய் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக இருந்தது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பருப்பு அளவில் நாலு சுரப்பிகள் உண்டாம். பாராதைராய்டு என்று பெயர். அதில் ஒன்று வீங்கி, அளவு தெரியாமல் வேலை செய்து, எலும்பில் இருக்கிற கால்சியத்தை எல்லாம் ரத்தத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் போதும் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியில்தான் சண்டை வந்தது. ஆபரேஷன் கழுத்தில், தாலியைக் கழற்ற வேண்டும் என்றார் நர்ஸ். கழற்றினால் புருஷனுக்கு ஆகாது, ஒரு பருப்புக்காக இதெல்லாம் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று நாத்தனார் கட்டிலை மறித்து நின்றார். அக்கா யாரையும் கேட்கவில்லை. தாலியைத் தானே கழற்றி, டவுன் பஸ் ஓட்டுகிற தன் வீட்டுக்காரர் கழுத்தில் மாட்டிவிட்டார். "கழுத்து என்னுது. நான் வர்ற வரைக்கும் நீங்க போட்டிருங்க. ஒண்ணும் ஆகாது."

அந்த மனுஷன் காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்தார். டீ குடிக்கப் போனபோதுகூடத் தாலியைக் கழற்றவில்லை. மாமாவுக்குக் களையாகத்தான் இருக்கிறது என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஆகாது என்று சொன்னார்களே, இன்றைக்கும் அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து வந்தபிறகு அக்காவுக்கு உதடும் விரல் நுனியும் மரத்து மரத்துப் போயிற்று. கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். "எலும்பெல்லாம் இத்தனை வருஷமாப் பட்டினிடி, இப்ப அள்ளி அள்ளித் தின்னுது" என்றார். கொஞ்ச மாதத்தில், முறிந்த அதே கையால் மாவு வாளியைத் தூக்கினார். ஊரே பார்த்தது.

தழும்பு மறைய வேண்டுமே என்று நான் கழுத்து ஏற்றி, காலர் வைத்து ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். திருப்பி என் மேசையில் போட்டார்.

"இறக்கி வெட்டு."

"தழும்பு தெரியுமேக்கா."

"தெரியட்டும். என்ன, திருடிட்டா வந்தேன்?"

கடைசிவரை இறக்கித்தான் தைத்துக் கொடுத்தேன். கழுத்தை அறுத்ததால் அவர் போகவில்லை. கழுத்தை அறுத்ததால்தான் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தார். யார் வேண்டுமானாலும் என் கடைக்கு வந்து இதை மறுத்துப் பேசலாம். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டே பேசுகிறேன்.

அக்காவின் அளவு ஜாக்கெட் என்னிடம் இருக்கிறது. அவர் மகள் கேட்டாள், தரவில்லை. கழுத்தை இறக்கி வெட்டத் தயங்குகிற பெண் யார் வந்தாலும் அதைத்தான் எடுத்துக் காட்டப்போகிறேன்.

கண்ணீர் அஞ்சலி பேனரில் அக்காவின் கழுத்து மொழுமொழு என்று இருந்தது. நாத்தனார் சொல்லி, ஸ்டுடியோவில் தழும்பை அழித்திருக்கிறார்கள். பதினாறாம் நாளுக்கு வேறு பேனர் போடச் சொல்லி, என் போனில் இருந்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆர்டரை என் பெயரில் எழுதிக்கொண்டார்கள். பேனர் சொன்ன நாளில் வந்தது. தழும்பு இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது. படத்துக்குக் கீழே, இறந்தவர் பெயராக, வசந்தா டெய்லர் என்று என் பெயர் இருந்தது. பேனரைப் படித்த யாரோ நான் போய்விட்டதாகப் போன் செய்து, மண்ணச்சநல்லூரிலிருந்து என் சித்தி ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். கதவை நான்தான் திறந்தேன். காபி குடித்துவிட்டு, மாலையை எடுத்துக்கொண்டு, அக்கா வீட்டுக்கு வழி கேட்டுப் போனார்.