ஐஸ்கிரீம் டப்பாவில் வந்த பாசி

கல்யாணத்துக்கு முன்னால் மலேசியாவின் சபா மாநிலத்தில் ஆசிரியையாக இருந்தபோது எனக்கு ஒரு ருசி ஒட்டிக்கொண்டது. அங்கே சந்தையில் லாத்தோ என்று ஒரு பச்சைக் கடற்பாசி விற்பார்கள். கழுவி, எலுமிச்சை பிழிந்து, வெங்காயமும் மிளகாயும் நறுக்கிப் போட்டால், தட்டு காலியாகும் வரை நான் யாரோடும் பேசமாட்டேன். கல்யாணமாகி நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தபின் அது கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரரான என் கணவருக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. மாடு மேய்வதை மனிதர் தின்னக் கூடாது என்பது அவர் கட்சி.

அவருடைய ருசி வேறு. வாரம் முழுவதும் நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் கணினியைப் பார்த்து முகம் சுண்டிப்போவார். சனிக்கிழமை விடிந்ததும் மாசி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சின்ன அலுமினியப் படகை வண்டியில் பூட்டி, வடக்கே ஒரு சிறிய குடாவுக்குக் கிளம்புவோம். நான் கரையில் தேநீரோடு உட்கார்ந்துகொள்வேன். அவர் படகில் போய் நங்கூரம் இறக்கி, தூண்டிலைப் போட்டதும் பாட ஆரம்பிப்பார். பாட்டு சகிக்காது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

ஒரு புயலுக்குப் பிறகு போனபோது, கரை நெடுகப் பாசி ஒதுங்கிக் கிடந்தது. அதில் ஒரு பச்சை என் கண்ணில் பட்டது. புல் மாதிரி ஒரு கொடி ஓடி, அதிலிருந்து தட்டையான சின்ன இலைகள் எழுந்திருந்தன. லாத்தோவில் மணி மணியாக இருக்கும், இதில் இல்லை. ஆனால் கொடி ஓடிய விதம் அதேதான். அக்காள் தங்கை உறவாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி, காலி ஐஸ்கிரீம் டப்பா நிறைய அள்ளிக்கொண்டேன்.

வீட்டில் எலுமிச்சையை நறுக்கி வைத்துவிட்டு, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஃபோனில் தேடினேன். அதே இலை படத்தில் வந்தது. மேலே எச்சரிக்கை: தொடாதீர்கள், உடனே தெரிவியுங்கள். வெளியிலிருந்து வந்து சேர்ந்த பாசி. நகக்கண் அளவு துண்டு போதும், புதிதாக வேர்பிடித்துவிடும். கடலடியில் கம்பளமாகப் படர்ந்து கீழே உள்ள சிப்பியையும் மட்டியையும் மூடிவிடும். மத்தியதரைக் கடலோரத்தில் இதன் சொந்தக்காரப் பாசி ஒன்று முன்பே அப்படிப் பரவித் தொல்லை கொடுத்திருக்கிறதாம். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இதைக் கொண்டுபோவது பெரும்பாலும் படகுகளின் நங்கூரம்தான் என்றும் போட்டிருந்தது. டப்பாவை இறுக்க மூடினேன்.

அவரிடம் சொன்னேன். என்னைவிட வேகமாக அவருக்கு விளங்கிவிட்டது.

"பேசாமக் குப்பையில போடு. தெரிஞ்சா குடாவையே மூடிப்போடுவாங்கள்."

"மூடட்டுங்க. மூடலைன்னா அடியில ஒன்னும் மிஞ்சாது."

"பிறகு நான் எங்க போறது?"

எச்சரிக்கையில் போட்டிருந்த எண்ணுக்கு ஃபோன் செய்துவிட்டேன். டப்பாவில் உள்ளதை இறுக்கக் கட்டிக் குப்பையில் போடச் சொன்னார்கள். எந்தக் குடா, எந்தப் பாறைக்குப் பக்கத்தில் என்று எல்லாம் கேட்டுக்கொண்டார்கள்.

அவர் பயந்ததுதான் நடந்தது. குடாவில் நங்கூரம் போடக் கூடாது, படகில் போய் மீன் பிடிக்கவும் கூடாது என்று அறிவிப்புப் பலகை முளைத்தது. எங்கள் வீட்டில் பேச்சு சுருங்கியது. "சோறு இருக்கோ?" "ஓம்." "கார்த் திறப்பு எங்க?" சோறு, சாவி, அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் அழுக்கே இல்லாத படகைக் கழுவிக்கொண்டிருப்பார். மன்னிப்புக் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. நான் செய்தது சரி. ஆனால் அந்த அபஸ்வரம் இல்லாத சனிக்கிழமைகள் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த கோடையில், வா என்று கேட்காமல், போகிறோம் என்று சொல்லி அவரை வண்டியில் ஏற்றினேன். குடாவில் முக்குளிப்பவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கரையேறியதும், ஃபோன் செய்தவள் நான்தான் என்றேன். ஈர உடையோடு அப்படியே கட்டிக்கொண்டாள். பாசி அப்போதுதான் வந்திருந்ததாம், ஒரு வீட்டுப் புல்வெளி அளவுதான் பிடித்திருந்ததாம். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, மிச்சத்தின் மேல் வெளிச்சம் படாதபடி பாய் விரித்து மூடினார்களாம். இன்னொரு கோடை விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றாள். திரும்ப முளைக்கிறதா என்று பார்க்க இன்னும் வருவார்களாம். குடா எப்போது திறக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று காலை கடலடியில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். பாய் எடுத்த இடத்தில் வெறும் மணல். நான் ஏமாந்துபோனேன். அவர்தான் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஓரத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். மணலில் பாதி புதைந்து ஒரு சின்னச் சிப்பி, வாயைக் கொஞ்சமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இன்னொரு தடவை ஓட்டிக் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில் அவருக்காகவே கேட்டேன்.

"அடுத்த வருஷமாவது திறந்துடுவாங்களா?"

"திறக்காட்டிலும் பரவாயில்லை," என்றார். "அந்தச் சிப்பி உயிரோட கிடந்தாப் போதும்."