கழுதை தின்ற புது அரிசி

மன்னார்க் கழுதைகளைப் பற்றி ஊரில் எல்லாரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் அவற்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படம்கூட எடுக்கிறார்கள். எனக்கு அந்த அன்பு வர நெடுநாள் பிடித்தது. எங்கள் வீட்டு முதல் புதிரை ஒரு கழுதை நின்று நிதானமாகத் தின்று முடித்ததை நேரில் பார்த்தவள் நான்.

வயலில் முதல் விளைந்த நெல்லைக் குத்தி, தைப்பூசத்தன்று பொங்கி, சாமிக்கும் செத்துப்போனவர்களுக்கும் படைத்துவிட்டுச் சொந்தக்காரரோடு சேர்ந்து சாப்பிடுவதைத்தான் எங்கள் பக்கம் புதிர் என்பார்கள். வீட்டில் பிறந்த பெண் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தாலும் அவள் பங்கு போய்ச் சேரவேண்டும். அது போகாவிட்டால் எத்தனை பானை பொங்கினாலும் புதிர் எடுத்ததாகக் கணக்கில்லை என்பது அப்பா வீட்டு வழக்கம்.

நான் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவள். எட்டு வயதில்தான் இலுப்பைக்கடவைக்கு வந்தேன். அப்பாவின் வயல் பற்றைக்காடாகிக் கிடந்தது. வெட்டி, எரித்து, உழுது, அந்த மாரி மழையில் முதன்முதலாக விதைத்தார். அப்பாவுக்கு ஒரே ஒரு அக்கா. மன்னார் பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவர். இங்கே எல்லாரும் அப்பாவின் அக்காவை மாமி என்பார்கள். எனக்கு முகாம் பழக்கத்தில் அத்தை என்றுதான் வாயில் வரும்.

அத்தை எங்களோடு பேசுவதில்லை. நாங்கள் வந்து இறங்கிய வாரமே, சொந்தக்காரர் எல்லாரும் இருக்க, ஒரு வசனம் சொன்னார். "அம்மா சாகக் கிடந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபோது வராதவன், வயல் எண்டதும் வந்திட்டான்."

சண்டை நடந்த அந்த நேரம் கடலைத் தாண்டி ஆரும் வரமுடியாது என்பது அத்தைக்கும் தெரியும். அப்பா அதைச் சொல்லிக்கூட வாதாடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் மன்னாருக்குப் போனாலும் அக்காவின் தெருப் பக்கம் திரும்பமாட்டார்.

அப்படிப்பட்டவர், நெல் விளைந்ததும் பக்கத்து வீட்டில் உரலும் உலக்கையும் இரவல் வாங்கி வந்தார். அம்மா தான் குத்துவதாகச் சொன்னதற்கு விடவில்லை. உலக்கை நெல்லில் விழுந்ததைவிட உரல் விளிம்பில் விழுந்ததுதான் அதிகம். ஒருவழியாகத் தவிடு போகாத சிவந்த பச்சையரிசி கொஞ்சம் தேறியது. அதைப் புதுத் துணிப்பையில் போட்டு, நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி, மேலே ஒரு பிடி நெற்கதிரையும் செருகினார்.

"அக்கா இதைக் கையில வாங்கினாவெண்டால் பிறகு நானே போறன். வாங்காட்டி, இனி அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அதைச் சொன்ன முகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

பையைக் கொண்டுபோகும் பொறுப்பு அம்மாவின் தம்பிக்கு வந்தது. துணைக்கு நான். மாமா முகாமிலேயே வளர்ந்தவர். பெயின்ட் அடிப்பார், வயறிங் செய்வார், செத்துப்போன கைப்பேசிக்கு உயிர் கொடுப்பார். தன்னால் முடியாதது ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. வயலில் மட்டும் எது நெல் எது கோரை என்று அம்மாவைக் கேட்டுக்கொள்வார்.

மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கியதும் மாமாவுக்குத் தேத்தண்ணி விடாய். எனக்கு மீன் ரோல்ஸ் வாங்கித் தருவதாகச் சொன்னார். கடை வாசலில் அவருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது.

"சாமிக்குப் போற சாமான். மீன், மச்சம் விக்கிற கடைக்குள்ள கொண்டுபோகக்கூடாது" என்று பையை வெளியே உட்காருவதற்குக் கிடந்த வாங்கில் மரியாதையாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

நான் ரோல்ஸைப் பாதி தின்றிருக்கமாட்டேன். வெளியே பார்த்தால், வாங்குக்குப் பக்கத்தில் ஒரு கழுதை. கதிரின் நுனி அதன் வாயில். ஓடிப்போவதற்குள் பை சரிந்து அரிசி மணலில் கொட்ட, எங்கிருந்தோ இன்னும் இரண்டு கழுதைகள் வந்து சேர்ந்துவிட்டன. மாமா கதிரின் வைக்கோல் பக்கத்தைப் பிடித்து இழுத்தார். கழுதை மறுபக்கத்தைப் பிடித்து இழுத்தது. ஆட்டோக்காரர் எல்லாரும் கழுதையின் கட்சி. அதுதான் வென்றது.

"எல்லாத்தையும் தின்னுடுச்சு மாமா!" நான் குரல் எடுத்து அழுதேன். அப்பாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

"ஏன் அழுறாய்? அரிசிதானே? மன்னாரில அரிசிக்குப் பஞ்சமோ?"

வெறும் பையை உதறி எடுத்துக்கொண்டு நேரே பலசரக்குக் கடைக்குப் போனார். இருப்பதிலேயே விலை கூடின அரிசி தரும்படி கேட்டார். கடைக்காரர் மணிமணியான சம்பா அரிசியை நிறுத்துக் கொடுக்க, அது மஞ்சள் பூசிய பைக்குள் போனது.

"அப்பா குடுத்தது சிவப்பா இருந்துச்சே மாமா."

"அதை அத்தை பாத்தவவோ?"

எனக்கு உடனே அழுகை நின்றுவிட்டது. மாமாவைப் போல ஒரு மூளைசாலி இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று நினைத்தேன்.

அத்தை வீட்டு முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. அத்தை எங்களைக் கண்டு "வாங்கோ" என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

"மச்சாள், இண்டைக்குத் தைப்பூசம். அத்தான் புதிர் அனுப்பினவர்" என்று மாமா பையை இரண்டு கையாலும் நீட்டினார்.

அத்தை வாங்கவில்லை. பையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா அதை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். ஒருவழியாக அத்தை பையை வாங்கி, அவிழ்த்து, நாலு மணியை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார்.

கடையில் மாமா வாங்கியது புழுங்கலரிசி. நெல்லை அவித்து, உலர்த்தி, ஆலையில் தீட்டி வருவது. புதிருக்கு ஒருநாளும் அது ஆகாது. உரலில் குத்திய பச்சையரிசிதான் வேண்டும். வயல்காரர் வீட்டில் பிறந்த எந்தப் பிள்ளையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடும். முகாமில் அளந்து போட்டதைத் தின்று வளர்ந்த எனக்கும் மாமாவுக்கும் அரிசி என்றால் அரிசி, அவ்வளவுதான்.

"கதிர் ஒண்டும் வரேல்லையோ?" என்று அத்தை கேட்டார்.

"இப்ப எல்லாம் மெசின் வெட்டுத்தானே மச்சாள். கதிர் எங்க மிஞ்சுது?"

"ஓ." மிச்ச மணிகளைத் திரும்பப் பைக்குள் போட்டார். "ஆர் குத்தினது?"

"அத்தான்தான். தன்ர கையால."

பஸ் நிலையத்துக்குப் பிறகு மாமாவின் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. அதைத்தான் அத்தை நம்பவில்லை.

"அவனோ? அவனுக்கு உலக்கை பிடிக்கவே தெரியாது." என் பக்கம் திரும்பினார். "உண்மையோ பிள்ளை?"

"ஆமா அத்தை. ரெண்டு கையும் கொப்பளிச்சுப் போச்சு. அம்மாதான் சோறு பிசைஞ்சு குடுத்தாங்க."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அத்தை இல்லை. மாமி எண்டு சொல்லு" என்றார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். போனவர் அடுப்பை மூட்டாமல் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தோள் குலுங்கியது. அத்தைக்குத் தடிமன் பிடித்துத் தும்மல் வருகிறது என்று நினைத்தேன்.

பிறகு பானை ஏறியது. பால் பொங்கியது. பயறும் சர்க்கரையும் விழுந்தன. ஆனால் எவ்வளவு விறகு வைத்தும் அரிசி குழையவில்லை. மணி வேறு, பால் வேறாகவே நின்றது. அத்தை முதல் அகப்பையை இலையில் போட்டு அவர்களுடைய அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்து, "அம்மா, தம்பி அனுப்பினவன்" என்றார்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தையின் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்னப்பா இது? புது அரிசி எண்டால்..."

"பேசாமச் சாப்பிடுங்கோ" என்றார் அத்தை. அவர் பேசாமல் சாப்பிட்டார்.

மாமா மட்டும், "என்ன இருந்தாலும் புது அரிசியின்ர வாசமே தனி" என்று புகழ்ந்துகொண்டிருந்தார். "ஓமோம்" என்று சொல்லி அத்தை அவருக்கு இன்னும் இரண்டு அகப்பை போட்டார்.

புறப்படும்போது அத்தை என்னைத் தனியே கூப்பிட்டார். என் தலையைத் தடவி, "கொப்பாட்டச் சொல்லு. புது அரிசி நல்லாக் குழைஞ்சது. அம்மாவுக்கும் படைச்சனான். வரச்சொன்னனான் எண்டு சொல்லு" என்றார்.

பஸ்ஸில் மாமாவைப் பிடிக்கமுடியவில்லை. "பாத்தியா, ஒரு சந்தேகமும் வரேல்லை!" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா வாசல் படலையில் நின்றார். நான் செய்தியைச் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அவ சாப்பிட்டவவோ?"

"ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாங்க."

அப்பா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தக் கல்லரிசியை மென்ற தாடை இன்னும் நொந்துகொண்டிருந்தது. குழைந்ததாம்! இந்த அப்பாவும் அதை நம்புகிறார். பாவம் அத்தை, அவருக்கு அரிசியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அன்று நான் திடமாக முடிவு கட்டினேன்.