ஸ்கார்வ் மலைக்கு மூன்று ஜோடி

இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளின் அடிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்திருந்தன. நுனியும் வாலும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் விரற்கடை இடைவெளி. அதன் வழியே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு கைகள் அந்த நடுப்பகுதியைச் சுற்றிப் பிடித்து அழுத்தின. இடைவெளி சுருங்கியது, ஆனால் ஒரு நூலளவு வெளிச்சம் மிச்சமிருந்தது. விரல் மூட்டுகள் வெளுக்கும்வரை அழுத்தியும் அந்த நூல் போகவில்லை. கைகள் அந்த ஜோடியைச் சுவரோரம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தன.

விறைத்த பலகை, இரவில் உறைந்த பனிப்பொருக்கின்மேல் நன்றாக நிற்கும். வெயில் ஏறி மேல்பனி குழைந்துவிட்டால் அதன் நுனி உள்ளே புதைந்துகொள்ளும். மெத்தென்ற பலகை குழைந்த பனியில் மிதக்கும். பொருக்கில் பாரத்தோடு நின்றால் நடுவில் தொய்ந்து, இரும்பு விளிம்பு கடிக்காமல் வழுக்கும். வியாழக்கிழமை மலைக்குப் போகிறவர்களுக்கு விடியலில் பொருக்கு, பத்து மணிக்கு மேல் குழைவு. இரண்டுக்குமாக ஒரே ஜோடிதான் காலில் இருக்க முடியும்.

கைகளுக்குரியவள் பெர்கித். ஐம்பத்தாறு வயது. நெர்லியில் மலை விடுதியின் பின்புறம் இருந்த பட்டறை முப்பத்தைந்து வருடமாக அவளுடையது. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்தொன்பது வயதில், விருந்தாளி ஒருவர் முறித்துப் போட்ட பலகையை ரம்பத்தால் குறுக்கே அறுத்து, உள்ளே எத்தனை அடுக்கு மரம், எந்த மரம் என்று எண்ணிப் பார்த்தாள். அதன் பிறகு முறிந்த பலகை எதுவும் அடுப்புக்குப் போகவில்லை. எல்லாம் அவள் ரம்பத்துக்கு வந்தன. பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்தும் ஆட்கள் அவளிடம் வந்தார்கள். வந்தவனின் எடையைக் கேட்கமாட்டாள், பையையும் மாட்டிக்கொண்டு தராசில் ஏறச் சொல்லுவாள். பசை போட்டதோ, சூடு காட்டியதோ எதுவானாலும் ஓர் இரவு விறகுக் கொட்டகைக் குளிரில் கிடந்தபிறகே சோதிப்பாள். சூட்டில் பிடித்தது குளிரிலும் பிடிக்கும் என்று நம்பக்கூடாது. இதை அவள் வாயால் கேட்காத ஆள் நெர்லியில் இல்லை.

ஜனவரியில் அவள் தம்பி ஒட்முன், பனிக்கோழிக்கு வைத்த கண்ணிகளைப் பார்த்துவர ஸ்கார்வ் மலைக்குப் போனான். மூன்று நாள் புயல். தேடிப்போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இப்போது ஏப்ரல். திங்கட்கிழமை, கலைமான் கூட்டத்தைத் தேடி லாங்வன் ஏரிக்கு இந்தப் பக்கம் நடந்த ஒருவர், தொலைநோக்கியில் எதிரே ஸ்கார்வ் மலையின் ஒடுக்கமான ஓடைப்பள்ளத்தைப் பார்த்தார். பனி இறங்கிய இடத்தில் ஒரு தோளும் சிவப்புக் கம்பளிச் சட்டையும் தெரிந்தன.

அந்தப் பள்ளத்தில் ஹெலிகாப்டர் இறங்க இடமில்லை. வெள்ளிக்கிழமை மழை என்று வானொலி சொன்னது. மழை விழுந்தால் ஓடை உயிர்பெறும். உயிர்பெற்ற ஓடை தன்னில் கிடப்பதையெல்லாம் லாங்வன் ஏரியின் பனிக்கு அடியில் கொண்டுபோய்த் தள்ளும். அப்புறம் ஒட்முனுக்குக் கல்லறையில் ஒரு கல் மட்டும்தான். பலகை தயாராக ஒரு நாள் போனால், வியாழக்கிழமை விடியல் ஒன்றே பாக்கி. மூன்று பேர் போய், பனியில் சறுக்கும் மீட்பு வண்டியில் அவனைக் கட்டி இறக்க வேண்டும். ஒருவர் முன்னால் வண்டியின் ஏர்க்காலைப் பிடிக்க, இருவர் பின்னால் கயிற்றில் இழுத்துப் பிடித்து வர வேண்டும். பின்னால் இருப்பவர்களில் ஒருவர் கால் நழுவினால் வண்டி முன்னால் போகிறவர்மேல் ஏறும்.

செவ்வாய்க்கிழமை மதியம் மீட்புக்குழுத் தலைவன் ஹால்வார் பட்டறைக்கு வந்தான். கூடவே ஒட்முனின் மகன் எஸ்கில். இருபத்தெட்டு வயது, மரம் வெட்டுகிறவன், அப்பனைப் போலவே தோள். மூன்றாவது ஆள், பள்ளி ஆசிரியை யோருன், தன் பூட்ஸைக் காலையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"பலகை எது தேறிச்சு, அக்கா?" என்றான் ஹால்வார்.

"இன்னும் தேறல. நாளைக்கு விடிகாலை ஒருதரம், வெயில் ஏறினப்புறம் ஒருதரம், உருளைக்கிழங்கு மூட்டையோட இறங்கிப் பார்க்கணும்."

"மூட்டையாவது பேசாம வரும். என்னை வெச்சு இறங்கினா பாதி வழியில திட்டுவேன்."

எஸ்கில் சிரிக்கவில்லை. தோளிலிருந்து தன் பூட்ஸை இறக்கி மேசைமேல் வைத்தான். எண்ணெய் குடித்துக் கறுத்த தோல், கணுக்காலில் அவன் காலின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அப்பனும் மகனும் ஒரே நாளில் வாங்கிய இரண்டு ஜோடிகளில் ஒன்று.

"எனக்குப் பலகை மட்டும் குடுங்க, அத்தை. பூட்ஸ் இதுதான்."

பெர்கித் வலது பூட்ஸைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில், சோலின் நுனியில் மூன்று ஓட்டைகள். பலகையிலுள்ள கவ்வியில் மூன்று முளைகள் நிற்கும். முளைகள் ஓட்டைகளில் ஏற, மேலே கம்பியை அழுத்திப் பூட்டினால் காலும் பலகையும் ஒன்று. அவள் பூட்டிவிட்டுக் குதிகால் பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் முறுக்கினாள். பூட்ஸ் ஒரு தீக்குச்சிக் கனம் அசைந்தது. நல்ல பூட்ஸ் அசையாது.

"ஓட்டை தேஞ்சுபோச்சு. இது ஆகாது, எஸ்கில்."

"ஓட்டைமேல தகடு வெச்சுடுங்க."

"புதுசா ஒரு ஜோடி பார்த்துத் தரேன்."

"புது பூட்ஸ்ல ஆறு மணி நேரம் ஏறினா குதிகால் உரிஞ்சுடும். அப்பாவைத் தூக்கப் போறதா, என்னைத் தூக்கப் போறதா?"

ஹால்வார் குறுக்கே வந்தான். "நம்மூர்ல பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனாக்கூட விட்டுடுவான், பழகின பூட்ஸை விடமாட்டான். தகட்டை அடிச்சுக் குடு அக்கா."

"ஒட்டுற தகடு வேணாம்."

"ஏன் வேணாம்?" எஸ்கிலின் குரல் ஏறவில்லை. "அப்பாவுக்கு நவம்பர்ல வெச்சுக் குடுத்தீங்களே. அவருது இதைவிடத் தேஞ்சு இருந்துச்சு. அவருக்கு வெச்ச மாதிரியே எனக்கும் வெச்சுடுங்க, அது போதும்."

பெர்கித் பூட்ஸைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வி வரும் என்று அவள் இரண்டு மாதமாக எதிர்பார்த்திருந்தாள். அது இப்படி, இவ்வளவு நம்பிக்கையோடு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரியில் ஒட்முனின் ஒற்றைப் பலகை ஏரிக்கரையில் கிடைத்தது. கவ்வி முழுக்கப் பனிக்கட்டி இறுகியிருந்தது. ஹால்வார்தான் கொண்டுவந்து, "உனக்குத்தான் புரியும், பாரு" என்று வைத்துவிட்டுப் போனான். பட்டறைச் சூட்டில் கட்டி உருகியது. கம்பி பூட்டியபடியே இருந்தது. அதனடியில், மூன்று முளைகளிலும் மாட்டியபடி, அவள் வெட்டி அவள் துளையிட்ட தகடு. பூட்ஸ் இல்லை. மறுநாள் ஹால்வார் கேட்டபோது, "கவ்வி நல்லாத்தான் இருக்கு" என்றாள். அது பொய்யில்லை. தகட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஊர் தன் முடிவுக்கு வந்துவிட்டது: ஒட்முனின் பையில் எப்போதும் ஒரு புட்டி இருக்கும், போதையில் கவ்வியைச் சரியாகப் பூட்டியிருக்கமாட்டான்.

இப்போது எஸ்கிலிடம் 'கையிருப்பில் தகடு இல்லை' என்று சொல்லிவிடலாம். ஆனால் இவன் கொல்லனிடம் போய் ஒன்றை அடித்துக்கொண்டு வருவான். வீட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்து ஒட்டுவான். வியாழக்கிழமை கயிற்றின் பின்முனையில் நிற்பான்.

அவள் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, தகட்டை எடுத்து அவன் பூட்ஸின் பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்க அப்பாவோடது. அந்தப் பலகைக் கவ்வியில மாட்டியிருந்துச்சு."

ஹால்வார் குனிந்து பார்த்தான். அவனுக்கு விளங்கக் கொஞ்சநேரம் பிடித்தது. எஸ்கிலுக்கு உடனே விளங்கியது.

"சோல்ல இருந்து பிடுங்கிட்டு வந்துடுச்சா?"

"ஆமா. சோல் ஈரமா இருந்துச்சு. ரெண்டு நாள் காயவிட்டு ஒட்டணும். மறுநாளே வேணும்னான். ஒட்டி, திருகாணி போட்டு, இங்கேயே, இந்தச் சூட்டுலயே முறுக்கிப் பார்த்தேன். நின்னுச்சு. கொட்டகையில போட்டுப் பார்க்கல."

"ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே."

"சொல்லுவேன். அவனுக்குச் செய்யல. தம்பிதானேன்னு விட்டுட்டேன்."

எஸ்கில் தகட்டைத் தொடவில்லை. "பிப்ரவரியில இருந்து இது இங்கதான் இருக்கா?"

"இங்கதான்."

"குடிச்சுட்டுப் போய்ச் செத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. இந்த மேசையில உக்காந்துதான் சொன்னாங்க. நீங்க காபி ஊத்திக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"நானும் நம்பினேன், அத்தை." அவன் கதவருகே போய் நின்றான். "அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அம்மா அவர் போட்டோவை எடுத்து உள்ள வெச்சுட்டாங்க."

கதவைச் சாத்தாமல் போனான். பூட்ஸ் மேசைமேலேயே இருந்தது.

ஹால்வார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அவன் வரலைன்னா ரெண்டு பேரால ஆகாது. வேலை முடிஞ்சு வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாமே."

"வெள்ளிக்கிழமை கேக்குறதுக்கு அவன் இருக்கணும்."

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டான். "வியாழக்கிழமைக்கு உன் பலகையில போறேன். அதுக்கப்புறம் என்னன்னு இப்போ கேக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் கதவைச் சாத்தினாள். எஸ்கிலின் பழைய பூட்ஸிலிருந்து உள்தட்டுகளை உருவி எடுத்தாள். ஒன்பது வருடத்துக் கால் அவற்றில் பள்ளமும் மேடுமாகப் படிந்திருந்தது. விடுதியின் பூட்ஸ்களில் அதே அளவில் நான்கு ஜோடி இருந்தன. நான்கிலும் கைவிட்டுக் குதிகால் தையலைத் தடவினாள். மூன்றில் தையல் முண்டாக இருந்தது. நான்காவதில் லேசான முண்டு; அதை ஈரத்துணியால் நனைத்துச் சிறு சுத்தியலால் உள்ளிருந்து தட்டிச் சமமாக்கினாள். பழைய உள்தட்டுகளை அதில் பொருத்தினாள். சோலின் மூன்று ஓட்டைகளைச் சுற்றித் தொழிற்சாலையிலேயே பித்தளை பதித்திருந்தது. ஒட்டு எதுவும் இல்லை. கால் வடிவில் செதுக்கிய மரக்காலை உள்ளே செருகிக் கயிறு கட்டி, விறகுக் கொட்டகையில் தொங்கவிட்டாள்.

புதன்கிழமை விடிகாலையில் கொட்டகையில் மைனஸ் ஒன்பது டிகிரி. அங்கேயே பூட்ஸைக் கவ்வியில் பூட்டி, மரக்காலில் ஒரு கட்டையைக் கோத்து நெம்பினாள். வலதுக்கு நாற்பது தடவை, இடதுக்கு நாற்பது. அசையவில்லை. பிறகு உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள். தேறியவற்றில் மூன்று வகைப் பலகைகள் மீதமிருந்தன. ஒவ்வொன்றிலும் சரிவில் நட்ட ஒரே குச்சியிலிருந்து, ஒரே மாதிரி குந்தி இறங்கினாள். குறுக்கே நின்று பொருக்கில் விளிம்பை ஊன்றிப் பார்த்தாள். இரண்டாவது வகையில் ஒருமுறை பாரம் இழுத்து இடுப்பு அடிபட விழுந்தாள், அதை ஒதுக்கினாள். பதினொரு மணிக்குப் பனியைப் பிடித்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. மீதி இரண்டிலும் மறுபடி இறங்கினாள். முதல் வகை நுனி புதைந்தது. மூன்றாவது அகலமானது, நடுத்தர விறைப்பு. மெதுவாகப் போனது, ஆனால் இரண்டு பனியிலும் நின்றது. வேகம் இவர்களுக்குத் தேவையில்லை. அதில் மூன்று ஜோடி எடுத்து விளிம்புகளைத் தீட்டி, செங்குத்தில் ஏற அடியில் ஒட்டும் ரோமப் பட்டைகளை அளவாக வெட்டினாள்.

மூன்று மணிக்கு ஹால்வாரும் யோருனும் வந்து தங்கள் ஜோடிகளை வாங்கிக்கொண்டார்கள். "பத்து மணிக்குள்ள ஏரியைத் தாண்டிடுங்க. அதுக்கு மேல எந்தப் பலகையும் உங்களைக் காப்பாத்தாது," என்றாள். யோருன் தலையாட்டினாள். அவளுக்கும் செய்தி போயிருந்தது என்பது, அவள் கவ்வியை மூன்று தடவை திறந்து மூடியதில் தெரிந்தது. முப்பத்தைந்து வருடத்தில் இந்தப் பட்டறையில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

நான்கு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. பெர்கித் மூன்றாவது ஜோடியை மறுபடி துடைத்தாள்; துடைக்க எதுவும் இல்லை.

ஐந்துக்கு எஸ்கில் வந்தான். வணக்கம் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டாமல், பூட்ஸுக்காகக் கையை நீட்டினான். தானே மாட்டிக்கொண்டான். உள்ளே தன் பழைய தட்டு இருப்பதைக் கால் உணர்ந்ததும் ஒரு கணம் அவன் கை நின்றது; பிறகு கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

"பலகை இல்லாம, மூட்டையை மட்டும் கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் சரிவுல ஏறி இறங்கு. வந்து குதிகாலைக் காட்டு."

போனான். ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். மேகமில்லாத வானம், பொருக்கு மறுபடி இறுகத் தொடங்கியிருந்தது. அவன் வேண்டுமென்றே மோசமான இடங்களில் ஏறினான், கூரிய திருப்பங்களில் காலை முறுக்கி நின்றான், நின்று கீழே பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

உள்ளே வந்து இரண்டு காலுறைகளையும் கழற்றினான். அவள் மண்டியிட்டு ஒவ்வொரு குதிகாலாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். இடதில் லேசான சிவப்பு. விரலால் அழுத்தியதும் வெளுத்தது. அந்த இடத்தில் துணிப் பட்டை ஒட்டினாள்.

"நாளைக்கும் இதே காலுறைதான். ரெட்டையாப் போடாதே."

"அம்மா வந்திருக்காங்க," என்றான் எஸ்கில், அவள் தலைக்கு மேலாக. "வெளிய வண்டியில இருக்காங்க. உங்களைப் பார்க்கமாட்டாங்களாம்."

"சரி."

"நான் இங்க வந்தது அப்பாவுக்காக."

"தெரியும்."

அவள் எழுந்து பலகைகளைச் சுவரிலிருந்து எடுத்தாள். அவன் பூட்ஸைத் திருப்பி, பித்தளை ஓட்டைகள் மூன்றிலும் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். வலது. பிறகு இடது. கவ்வியின் முளைகளை நகத்தால் தட்டிப் பார்த்தான். பூட்டி, குதிகாலைப் பிடித்து, மரம் முறிக்கிற பலத்தோடு முறுக்கினான். அவள் காத்திருந்தாள்; அவசரப்படுத்தவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் பார்த்தான்.

பிறகு கையை நீட்டினான். அவள் பலகைகளை அவன் கையில் கொடுத்தாள்.